சாம்பலில் போட்ட பாதி மாடு

கோடு என்றால் ஸ்கேல் வைத்துப் போடுவது என்றுதான் புளியங்கொல்லைப் பிள்ளைகள் அதுவரை நினைத்திருந்தார்கள். கொஞ்சம் கோணினால் அழித்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். அழித்தால் நோட்டு கிழியும், கிழிந்தால் வீட்டில் திட்டு விழும். அதனால் கோட்டின் மேல் யாருக்கும் பெரிய பிரியம் கிடையாது. ஜாஹிதா டீச்சர் வந்துதான் அந்தப் பயத்தைப் போக்கினாள்.

ஜாஹிதா வாணியம்பாடிக்காரி, பகுதி நேர ஓவிய டீச்சர். திருப்பத்தூரில் பஸ் ஏறிப் புதூர்நாட்டில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஜீப்பில் குலுங்கிக் குலுங்கி எங்கள் ஊர் வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். மீதி உயிரை வைத்துக்கொண்டு பாடம் நடத்துவாள். எங்கள் பிள்ளைகளுக்கு அதுவே தாராளம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எல்லோரையும் வெளியே கூட்டி வந்து பள்ளிக்கூடச் சுவர் நிழலில் உட்கார வைத்தாள். எதிரே மலை.

“அங்க பாருங்க. மலை எங்க முடியுது, வானம் எங்க ஆரம்பிக்குது?”

எல்லாக் கையும் ஒரே பக்கம் நீண்டது.

“அங்க கோடு தெரியுதா?”

“தெரியுது டீச்சர்.”

“யாரு போட்டது?”

“ஃபாரஸ்ட்டுக்காரங்க” என்றான் ஒரு பையன். மலையில் யார் எங்கே கோடு போட்டாலும் அவர்கள்தான் போட்டிருப்பார்கள் என்பது அவன் அனுபவம்.

ஜாஹிதா சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. “அரே, யாரும் போடலடா. உன் கண்ணுதான் போடுது. எந்தப் பொருளப் பாத்தாலும் கண்ணு மொதல்ல ஓரத்துல ஒரு கோடு போட்டுக்கும். அந்தக் கோட்டத்தான் கையி எழுதணும்.”

பிறகு பிள்ளைகளையே கோடாக்கினாள். ஒருத்தி மல்லாந்து படுத்தாள். அது தூங்குகிற கோடு. ஒருவன் விறைத்து நின்றான். அது வீம்பு பிடித்த கோடு. ஓடப் போகிறவன் மாதிரி சாய்ந்து நின்றவன் அவசரக் கோடு. தேவயானி மட்டும் முதுகை வளைத்துக் குனிந்து நின்றாள். “இது இன்னா கோடு?” என்று டீச்சர் கேட்டதற்கு, “களை எடுக்கிற கோடு டீச்சர்” என்றாள். ஜாஹிதா அவள் முதுகில் ஒரு விரலை வைத்துக் கழுத்திலிருந்து இடுப்புவரை இழுத்துக் காட்டினாள். “பாத்தீங்களா, ஒரே கோடு. மூஞ்சி வேணாம், கை வேணாம். இது ஒண்ணு போதும், இவ இன்னா செய்றான்னு தெரிஞ்சிடும்.”

வீட்டுப்பாடமும் கொடுத்தாள். வீட்டில் இருக்கிற ஏதாவது ஒன்றைக் கையெடுக்காமல் ஒரே கோட்டில் போட வேண்டும். எம்மாம் பெரிதாக வேண்டுமானாலும் போடலாம்.

“பேப்பரு இல்ல டீச்சர்.”

“தரை இல்லியா?”

“சாக்பீசு?”

“வூட்ல அடுப்பு எரியுதில்ல? சாம்பல ஒரு பிடி எடுத்து, தரையில வுட்டுக்கினே போங்க.”

வினை இங்கேதான் பிடித்தது. மலைக்குக் கீழே இருந்து வந்த பெண்ணுக்கு எங்கள் ஊர் வழக்கம் எப்படித் தெரியும்? எங்களிடம் அண்ணன் தம்பி பாகம் பிரியும்போது, அந்த வீட்டு அடுப்புச் சாம்பலை எடுத்து வாசலை இரண்டாக்கி ஒரு கோடு போடுவார்கள். போட்ட நிமிஷத்திலிருந்து அடுப்பு இரண்டு, சோறு இரண்டு. ஊர்க்கவுண்டர் வந்து மற்றதைப் பங்கு வைப்பார். கோட்டைப் போட்ட கைதான் அதைப் பெருக்கவும் வேண்டும். வேறு கை தொட்டால் குடும்பம் விளங்காது என்பார்கள். எங்கள் ஊரில் கடைசியாகப் பாகம் பிரிந்தபோது இந்தப் பிள்ளைகள் பிறக்கவே இல்லை. அதனால் அவர்களும் வாயைத் திறக்கவில்லை.

தேவயானி வீட்டில் அப்பா கோபால்சாமியும் சித்தப்பா ஆனந்தனும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். ஆனந்தனுக்குக் கல்யாணம் ஆனபோது பழைய வீட்டை ஒட்டி ஓர் அறை இழுத்துக் கட்டினார்கள். கதவு இரண்டு, வாசல் ஒன்று, வாசல் நடுவில் பலாமரம் ஒன்று. செவலையும் மயிலையும் ஏர் மாடு. அடுப்பு, தேவயானியின் அம்மா பச்சையம்மா கையில். ஆனந்தன் பெண்டாட்டி சசிகலா நெல்லிவாசல்நாட்டுப் பெண். வாய்க்கும் கைக்கும் ஒரே வேகம்.

ஒரு வாரத்துக்கு முன்புதான் சசிகலா ஒரு பேச்சு எடுத்திருந்தாள்.

“அக்கா, எங்க கதவோரமா சின்னதா ஒரு அடுப்பு வெச்சிக்கட்டுமா?”

“எதுக்கு?”

“சும்மாத்தான்.”

“தனி அடுப்புன்னா தனி வூடுன்னு அர்த்தம் சசி. பிரிஞ்சி போவணும்னு தோணுதா?”

“ஐயோ, நான் எதுவும் கேக்கலக்கா. வுடு.”

விட்டார்கள். ஆனால் விட்டது வாய்தான், மனசு விடவில்லை. அன்றிலிருந்து ஒருத்தி பாத்திரம் வைத்தால் இன்னொருத்திக்குச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெரியவர்கள் யாரும் கொல்லையிலிருந்து திரும்பவில்லை. சாமை விதைப்புக்கு நிலத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். செவலை பலாமரத்துக்கு அந்தப் பக்கம் படுத்து அசை போட்டது. தேவயானிக்கு அதைவிட நல்ல கோடு எங்கே கிடைக்கும்? அடுப்புச் சாம்பலை முறத்தில் வாரிக்கொண்டு வந்தாள். இரண்டு கதவுக்கும் நடுவில் சுவரோரம் கொம்பை ஆரம்பித்தாள். கொம்பு இறங்கி நெற்றி, நெற்றியிலிருந்து கழுத்து. திமில் வருகிற இடத்தில் பலாமரம் குறுக்கே நின்றது. கையெடுக்கக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருக்கிறாள். அதனால் திமிலைக் கொஞ்சம் புடைக்க விட்டு மரத்தை மாட்டுக்குள் வாங்கிக்கொண்டாள். அங்கிருந்து நீளமாக முதுகு, ஆட்டுப்பட்டி ஓரத்தில் பிட்டம். அதோடு முறம் காலியாகிவிட்டது. இருட்டவும் தொடங்கியது. செவலையும் எழுந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டது. வயிற்றையும் காலையும் நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்குக் கரண்டும் இல்லை. இருட்டில் வந்தவர்கள் களியைத் தின்றுவிட்டுப் படுத்துவிட்டார்கள்.

விடிந்ததும் தண்ணீர் தெளிக்க வந்த பச்சையம்மா, வாளியோடு அப்படியே நின்றுவிட்டாள். அடுத்த கதவு திறந்து சசிகலாவும் வந்தாள்.

“நல்லாருக்குது சசி. வாயத் தொறந்து கேட்டிருக்கலாம். இப்டி ராவோட ராவா சாம்பலக் கொட்டி வெச்சிக்கிறியே.”

“நானா? நல்லாக் கீதே. சாம்பல் யாரு அடுப்புலக்கா இருக்குது? எனிக்கி ஏது அடுப்பு?”

“அப்ப நான் போட்டேன்றியா?”

“கோட்டப் பாரு. செவுத்துலருந்து ஒழுங்காத்தான வருது? பலாமரத்துக்கிட்ட மட்டும் இன்னாத்துக்கு வளையுது? மரம் உங்க பக்கம் போவுது பாரு. மரம் வேணும்னா வேணும்னு சொல்லிட்டுப் போயேன். நான் இன்னா வேரோட புடுங்கினா போவப்போறேன்?”

பச்சையம்மா அதுவரை வளைவைக் கவனிக்கவில்லை. இப்போது பார்த்தாள். மரம் தன் பக்கம்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் பாவம், தப்பே செய்யாதவளுக்குத் தப்பு செய்தவளின் முகம் வந்துவிட்டது.

சத்தம் கேட்டுத் தேவயானி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.

“அம்மா, அது நான் போட்டது. அது மாடு.”

“இன்னாது?”

“செவலைம்மா. முதுகு மட்டும் போட்டுக்கிறேன். வயிறு இனிமேதான்.”

இரண்டு பெண்களும் தரையைப் பார்த்தார்கள். மாடு கீடு எதுவும் அங்கே இல்லை. சாம்பல் கோடு ஒன்றுதான் இருந்தது.

“நல்லாச் சொல்லிக் குடுத்துக்கிறேக்கா புள்ளைக்கி” என்றாள் சசிகலா.

“சித்தி, நெசமா! நானே பெருக்கிடறேன்.” தேவயானி துடைப்பத்தை எடுத்தாள்.

பச்சையம்மா பிடுங்கி எறிந்தாள். “தொட்டே, கைய ஒடிச்சிடுவேன். நீ பெருக்கினா நான் போட்டதா ஆயிடும்டி.”

சசிகலாவும் தொடுவாளா? அவள் தொட்டால் அவள் போட்டதாகிவிடும். ஆக, கோடு அசையவில்லை. மத்தியானத்துக்குள் சசிகலா மூன்று கல்லைக் கொண்டு வந்து தன் கதவோரம் வைத்துச் சுள்ளி மூட்டிவிட்டாள். ஒரு வாசலில் இரண்டு புகை எழுந்தது. அதைப் பார்த்தவர்கள் வழியிலேயே கவுண்டரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை வருவதாக அவர் ஆள் அனுப்பினார்.

ஆம்பளைகள் என்ன செய்தார்கள் என்று கேட்கிறீர்களா? வீட்டில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் முறைப்பாக நடந்துவிட்டு, கொல்லைக்குப் போனதும் வரப்பில் ஒன்றாக உட்கார்ந்து ஒரே தீக்குச்சியில் இரண்டு பீடி பற்றவைத்தார்கள்.

“ஒங்க அண்ணிதான்டா போட்டிருப்பா” என்றான் கோபால்சாமி. “சசி அடுப்பு கேட்டதுலருந்து மனசுல வெச்சிக்கினே இருந்தா.”

“இல்லண்ணா. இவதான். ஒரு வாரமா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு கீறா.”

“மரம் எங்க பக்கம் வருதேடா?”

“அது அண்ணி மேல பழி வர்றதுக்கு. இவ பெரிய ஆளுண்ணா, ஒனக்குத் தெர்யாது.”

கொஞ்ச நேரம் புகைத்தார்கள். வானம் மேற்கே கறுத்திருந்தது. ஒரு மழை பெய்தால் ஏர் பூட்ட வேண்டியதுதான்.

“கவுண்டரு வந்தா மாடு ஆளுக்கு ஒண்ணும்பாரு” என்றான் ஆனந்தன்.

“ஆமா.”

“ஒத்த மாட்ட வெச்சிக்கினு எப்டிண்ணா ஓட்றது?”

“இன்னொரு பக்கம் நீ கழுத்தக் குடு.”

இருவரும் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு வரவில்லை. எங்கள் மேட்டுக்கு டிராக்டர் ஏறாது. இரண்டு மாடு சேர்ந்தால்தான் சாமை, பிரிந்தால் அந்த வருஷம் தரிசு.

தேவயானியும் அந்தக் கறுத்த வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரே மழை வேண்டும் என்று இருந்தது, அவள் ஒருத்தி வேண்டாம் என்று இருந்தாள். மழை வந்தால் கோடு கரைந்துவிடும். அது மாடு என்று பிறகு யாருக்கும் தெரியப் போவதில்லை. கோடு போய்விடும், சண்டை மட்டும் தங்கிவிடும். குழந்தைக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை வகுப்பில் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தைக் காட்டினார்கள். ஒருத்தி முறம் போட்டிருந்தாள், ஒருவன் அடைகாக்கிற கோழி. தேவயானியின் முறை வந்ததும் அழுதுவிட்டாள். ஜாஹிதா அவளைத் தனியே கூட்டிப்போய்க் கதை முழுக்கக் கேட்டாள்.

“அல்லாவே, சாம்பல்னு நான்தானே சொன்னேன்! வா, நான் வந்து உங்க சித்திகிட்ட பேசறேன்.”

“வேணாம் டீச்சர். எங்கம்மா உங்களுக்கும் சொல்லிக் குடுத்துட்டாங்கன்னு சித்தி சொல்லும்.”

அழுகிற பிள்ளையின் முன்னால் சிரிக்கக் கூடாது என்று ஜாஹிதா உதட்டைக் கடித்துக்கொண்டாள். “இங்க பாரு. நீ பாதி மாடு போட்டு வெச்சிட்டே. பாதிக் கோட்டப் பாக்கிறவங்க மீதிய அவங்கவங்க மனசுல இருக்கிறத வெச்சி முடிச்சிக்குவாங்க. உங்க வூட்ல பாகம் பிரிக்கிறது மனசுல இருந்துது. அதான் அது தெரிஞ்சிது.”

“முழுசாப் போட்டு முடிக்கட்டுமா டீச்சர்?”

“வுடுவாங்களா?”

“தொட்டா கைய ஒடிப்பாங்க.”

“அப்ப அவங்கள நவுத்து. படத்துக்கு மேலயே மூக்க வெச்சிக்கினு நின்னா கோடுதான் தெரியும். தள்ளி நின்னு பாத்தாத்தான் மாடு தெரியும். எவ்ளோ பெருசாப் போட்டே?”

தேவயானி பள்ளிக்கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலையைக் காட்டினாள்.

“யம்மா! அதுக்கு வானத்துலருந்துதான் பாக்கணும்” என்றாள் ஜாஹிதா. ஜீப்காரன் ஹாரன் அடித்தான். அதை விட்டால் அன்றைக்கு வேறு ஜீப் இல்லை. போகும்போது அவள் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

வானத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பதை யோசித்துக்கொண்டே தேவயானி வீட்டுக்கு நடந்தாள். வாசலில் நின்று பலாமரத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு நேராகப் போய், சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்த சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சித்தி, உச்சிக் கெளையில ஒண்ணு பழுத்துக்கீது. வாசன வருது.”

“எனிக்கி இன்னா?”

“ஒண்ணுமில்ல. நாளைக்கி கவுண்டரு வந்துட்டா மரம் எங்களுது. அப்பால கேக்காத.”

இப்படிப் பேசுகிற பிள்ளை அது இல்லை. ஆனால் சசிகலாவுக்கு அதை யோசிக்க நேரம் ஏது? “ஓஹோ, அப்டியா சேதி” என்று புடவையை வரிந்து கட்டினாள், வெட்டுக்கத்தியை இடுப்பில் செருகினாள், விறுவிறுவென்று ஏறிவிட்டாள். நெல்லிவாசல் பெண்கள் தரையில் நடப்பதைவிட மரத்தில் நன்றாக நடப்பார்கள்.

உச்சிக் கிளையில் பழம் எதுவும் இல்லை. “பொய்யாடி சொன்னே?” என்று கத்துவதற்காகக் கீழே குனிந்தவள் கத்தவில்லை. ஆட்டுப்பட்டி ஓரம் செவலை படுத்திருந்தது. அதன் பக்கத்தில் அதே கழுத்து, அதே திமில், அதே நீள முதுகு, வாசலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சாம்பலில் கிடந்தது. தன் காலடியில் இருக்கிற மரம் அந்த மாட்டின் திமிலுக்குள் நிற்கிறது என்று தெரிந்ததும் சசிகலாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கிளை குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

பச்சையம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். “ஏய், வுழுந்து தொலையாத! நான்தான் தள்ளிட்டேன்னு சொல்லுவாங்க.”

“அக்கா, நீ மேல வா!”

“இன்னாத்துக்கு? நான் வர்ல.”

“வாக்கான்றேன்! மாடுக்கா இது, மாடு!”

தேவயானி ஏற்கெனவே ஏணியை இழுத்துக்கொண்டு வந்து மரத்தில் சாத்தியிருந்தாள். பச்சையம்மா முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள். பாதி ஏணியில் திரும்பிப் பார்த்தாள். நிஜச் செவலையைப் பார்த்தாள், சாம்பல் செவலையைப் பார்த்தாள்.

“அடிப் பாவி மவளே” என்றாள் மகளை. “திமிலாடி அது?”

“நான் அப்பவே சொன்னேனேம்மா.”

“கொம்பு ஏன்டி ஒண்ணுதான் கீது?” மேலேயிருந்து சசிகலா.

“பக்கவாட்டுல பாக்கறோம் சித்தி. இன்னொண்ணு பின்னால மறைஞ்சிக்கீது.”

“அப்ப வயிறு?”

“சாம்பல் தீந்து போச்சி.”

“என் அடுப்புல கீது பாரு, வாரிக்கோ. சீக்கிரம் போடு, மழ வர்றதுக்குள்ள.”

தேவயானி சித்தியின் மூன்று கல் அடுப்பிலிருந்து சாம்பலை வாரினாள். விட்ட இடத்தில் கையை வைத்து வாலை இழுத்தாள். வாலிலிருந்து தொடை, தொடையிலிருந்து மடித்த கால்.

“வயித்த இன்னும் எறக்கு” என்று உச்சியிலிருந்து உத்தரவு வந்தது. “தின்னுட்டுப் படுத்திருக்கிற மாடுடி அது.”

“எறக்காத” என்றாள் ஏணியிலிருந்த பச்சையம்மா. “நான் தெனம் தண்ணி காட்றவ. அது வயிறு அவ்ளோ தொங்காது.”

“மேலருந்து எனிக்கித்தான்க்கா நல்லாத் தெரியுது.”

“முன்னங்காலு முட்டி எங்கடி?”

“போடறேம்மா, ரெண்டு பேரும் சும்மா இருங்க!” என்றாள் தேவயானி. அந்த வீட்டில் அவள் சத்தம் போட்டு அன்றைக்குத்தான் கேட்டோம். இரண்டு பேரும் சும்மா இருந்தார்கள்.

எருக்கூடையோடு திரும்பிய அண்ணனும் தம்பியும் வாசல் ஓரத்தில் நின்றுவிட்டார்கள். மனைவிமார் இருவரும் மரத்தில் இருந்தார்கள். கோபால்சாமி ஓர் அடி எடுத்து வைத்தான்.

“நில்லு!” என்று மரத்திலிருந்து இரண்டு குரல் ஒன்றாக வந்தது. “காலு மேல மிதிக்காத!”

“யாரு காலு?” என்றான் அவன்.

தேவயானி தாடையைச் சுற்றிக் கொண்டுவந்து கொம்பின் நுனியில் கோட்டைச் சேர்த்தாள். சேர்த்ததும் நிமிர்ந்து கையை உதறினாள். பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டு நாளாக அடைத்திருந்தது எல்லாம் போய் அப்படி ஒரு சந்தோஷம். கோபால்சாமியும் ஆனந்தனும் ஆளுக்கு ஒரு தடவை ஏணி ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். வரப்பில் பேசியதை இருவரும் மறந்துவிட்டதுபோல் நடந்துகொண்டார்கள். கவுண்டரிடம் வர வேண்டாம் என்று சொல்ல ஆனந்தனே ஓடினான்.

சசிகலா இறங்கி வந்தாள். யாரும் சொல்வதற்கு முன்பே தன் அடுப்புக் கல் ஒன்றைக் காலால் நகர்த்தினாள்.

“வுடு” என்றாள் பச்சையம்மா.

“இல்லக்கா, எடுத்துடறேன்.”

“வுடுன்றேன்ல.”

சசிகலா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “அக்கா, கோடு நான் போடல. ஆனா அடுப்பு கேட்டது நெசம். பிரிஞ்சி போறதுக்கு இல்ல. எனிக்கின்னு ஒரு சட்டிய ஏத்தி, நானா உப்பு போட்டு, நானா எறக்கணும். அவ்ளோதான்.”

“இத அப்பவே சொல்றதுக்கு இன்னா?”

“தனி அடுப்புன்னா தனி வூடுன்னு நீதான சொன்னே.”

“அது எங்க மாமியா எனிக்கிச் சொன்னது. நானும் யோசிக்காம ஒனக்குச் சொல்லிட்டேன்.” பச்சையம்மா குனிந்து, நகர்ந்த கல்லைப் பழைய இடத்தில் வைத்தாள். ஆடுகிறதா என்று அமுக்கியும் பார்த்தாள். “களி நான் கிண்டறேன். கொழம்பு நீ வெய்யி.”

சசிகலா பலாக்கொட்டையை நசுக்கிப் போட்டு, புளி கரைத்து ஊற்றிக் குழம்பு வைத்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் எல்லோரும் வாசல் ஓரமாக, மாட்டை மிதிக்காமல் உட்கார்ந்தார்கள். பச்சையம்மா வழக்கம்போலக் கரண்டியை எடுக்கக் கையை நீட்டினாள். சசிகலா கொடுக்கவில்லை.

“ஒக்காருக்கா.”

“நீங்க மொதல்ல தின்னுங்க, நான் அப்பால…”

“ஒக்காரு.”

உட்கார்ந்தாள். அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து ஊருக்கெல்லாம் சோறு போட்டவள் அவள். சட்டியில் மிஞ்சியதைத் தானே வழித்துத் தின்றுதான் பழக்கம். எதிரே ஒருத்தி குனிந்து தன் தட்டில் களி வைக்கும்போது கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மடியில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். தேவயானி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பச்சையம்மா ஒரு துண்டு களியைக் குழம்பில் தோய்த்து விழுங்கினாள்.

“எப்டிக்கா கீது?” சசிகலா கரண்டியோடு நின்றாள். “உப்பு?”

உப்பு நன்றாகவே குறைவு. வேறு நாளாக இருந்தால் பச்சையம்மா முதல் வாயிலேயே சொல்லியிருப்பாள். கோபால்சாமி சொல்ல வாயைத் திறந்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

“சரியா கீது” என்று தட்டை நீட்டினாள் பச்சையம்மா. “இன்னும் ஒரு கரண்டி ஊத்து.”